படத்தின் கீழ்ப்பாதி

என் அக்காவின் வீட்டுக்காரரை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. 'கொஞ்சம் இருங்க' என்றுதான் சொல்வார்கள். ஸ்டூடியோ ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவர் எழுந்திருக்கப் பார்க்கும்போதெல்லாம் அவர் வாயிலிருந்து வருகிற வார்த்தை அது. பாஸ்போர்ட் படத்துக்கு வந்தவர்கள் பஸ்ஸைத் தவறவிட்டிருக்கிறார்கள். கைக்குழந்தை அழுது ஓய்ந்து தூங்கியே போயிருக்கிறது. அத்தான் விளக்கை ஒரு விரல் அகலம் நகர்த்திவிட்டு, தள்ளி நின்று பார்த்துவிட்டு, மறுபடியும் "கொஞ்சம் இருங்க" என்பார்.

எனக்கு அவரைப் பிடிக்காது என்று நினைக்க வேண்டாம். எரிச்சல் வரும், அது வேறு.

ஸ்டூடியோ மருந்துக்கடைக்கு மேலே, பதினெட்டுப் படி ஏறிப் போக வேண்டும். முன்னறையில் ஒரு பெஞ்சு, சுவரில் கண்ணாடி, நூலில் கட்டித் தொங்கவிட்ட சீப்பு. அதைத் தாண்டிப் படம் எடுக்கிற அறை. அதற்குப் பக்கத்தில், கதவுக்குப் பதில் திரை போட்ட ஒரு பொந்து. அங்கேதான் அக்கா உட்கார்ந்திருப்பாள். படங்களை வெட்டுவது, கவரில் போடுவது, நெகட்டிவில் தெரிகிற முகப்பருவைப் பென்சில் முனையால் மறைப்பது எல்லாம் அவள் வேலை. கல்யாணமாகி மூன்றாம் நாள் அந்தப் பொந்துக்குள் போனவள், முப்பது வருடம் அங்கேயே இருந்தாள்.

அவளுடைய விளக்கு எரிந்தால் திரை இடுக்கு வழியாக மஞ்சள் வெளிச்சம் வந்து, ஸ்டூலில் இருப்பவரின் கன்னத்தில் விழுமாம். புதிதில் அதற்காக ஒரு தடவை அத்தான் கத்தியிருக்கிறார். அதன் பிறகு கத்த வேண்டியிருக்கவில்லை. படம் எடுப்பதற்கு முன்னால் அவர் தன் மேஜை விளக்கை அணைப்பார். அந்த 'டிக்' சத்தம் கேட்டதும் திரைக்குப் பின்னால் அக்காவின் விளக்கும் அணைந்துவிடும். படம் விழுந்ததும் இரண்டும் எரியும். இருட்டில் கையில் கத்தரியோடு அவள் பேசாமல் உட்கார்ந்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன். ரயில் சிக்னல் தோற்றது உங்களிடம் என்று கேலி செய்வேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு வராது. அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்பது போல் பார்ப்பார்கள்.

மனிதர்களின் முகத்தைப் பிழைப்புக்கு எடுத்தாரே தவிர, அத்தானின் பைத்தியமெல்லாம் மலைதான். ஊருக்குப் பின்னால் ஒரு மேடு. அதன் உச்சியில் நின்றால் அந்தப் பக்கம் பள்ளத்தாக்கு, அதைத் தாண்டிப் பெரிய மலை. பள்ளத்தாக்கின் அடியில் ஊருக்குத் தண்ணீர் ஏற்றுகிற பம்ப் ஹவுஸ். அதை ஓட்டுகிறவன் நான். பம்ப் ஹவுஸிலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் வீடு, அக்காவும் நானும் பிறந்த வீடு. மேட்டிலிருந்து பார்த்தால் எங்கள் அடுப்படி ஜன்னல் நேர் கீழே தெரியும்.

விடிவதற்கு முன்னால் ஸ்கூட்டரில் பாதி தூரம் வந்து, மீதியை நடந்து, டார்ச் வெளிச்சத்தில் கேமராவை மூன்று காலில் நிறுத்தி அவர் காத்திருப்பார். எதற்காக என்று ஒரு நாள் கேட்டு மாட்டிக்கொண்டேன். ஒரு மணி நேரம் பாடம் நடத்தினார். விஷயம் இதுதான். விடிகிற நேரத்தில் மலை உச்சியில் வெளிச்சம் வந்துவிடும், பள்ளத்தாக்கில் இருட்டு அப்படியே கிடக்கும். நம் கண்ணுக்கு இரண்டும் தெரியும், கேமராவுக்குத் தெரியாது. உச்சிக்கு ஏற்றபடி வெளிச்சத்தை வைத்தால் கீழே கரி. பள்ளத்தாக்குக்கு வைத்தால் மேலே வெள்ளைத்தாள்.

"ரெண்டு பொண்டாட்டிக்காரன் பாடு மச்சான். ஒருத்திய சமாதானம் பண்ணா இன்னொருத்தி முறைச்சுக்குவா" என்றார்.

ஒருத்தியையே சமாதானம் பண்ணத் தெரியாதவர் என்பது பிற்பாடு தெரிந்தது.

அவர் உச்சியின் பக்கம்தான். ஸ்டூலில் யார் உட்கார்ந்தாலும் முகத்துக்கு வெளிச்சம் சரியாக இருக்க வேண்டும், பின்னால் இருப்பது எக்கேடு கெட்டாலும் சரி. அந்தத் தொழில் புத்திதான் மலையிலும். உச்சிதான் மலைக்கு முகம் என்று முடிவு கட்டிவிட்டார்.

அப்படியிருந்தும் அவருடைய பழைய படங்களில் பள்ளத்தாக்கு தெரியும். செக்கச் சிவந்த உச்சி, அதற்குக் கீழே மெல்லிய சாம்பல் நிறத்தில் எங்கள் கூரை, பம்ப் ஹவுஸ், மேட்டுக்கு ஏறுகிற ஒற்றையடிப் பாதை எல்லாம். பார்க்கிறவர்கள் கேமராவைப் புகழ்வார்கள். அத்தானும் கேமராவைத்தான் புகழ்வார். அதற்குக் காரணம் கேமரா இல்லை, அக்காவின் கை.

படம் கழுவுகிற அறையில், பெரிதாக்குகிற கருவியின் வெளிச்சம் நெகட்டிவ் வழியாகத் தாளின் மேல் விழும். எங்கே அதிகம் விழுகிறதோ அங்கே தாள் கறுக்கும். இருபது நொடி வெளிச்சத்தில் முதல் எட்டு நொடி, பள்ளத்தாக்கு வருகிற இடத்துக்கு மேலே அக்கா உள்ளங்கையைக் குடை பிடிப்பாள். கையை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும், நின்றால் கோடு விழும். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. "நம்ம வீடு கறுத்துப் போகுதேன்னு கைய வச்சேன்" என்று ஒரு தடவை என்னிடம் சொன்னாள். அத்தான் முதுகைக் காட்டிக்கொண்டு தண்ணீர்த் தட்டில் தாளைப் புரட்டிக்கொண்டிருப்பார். பக்கத்தில் நிற்பவள் கையை என்ன செய்கிறாள் என்று பார்க்கத் தோன்றாத மனிதர்.

பிறகு ஃபிலிம் போய் கம்ப்யூட்டர் வந்தது. கழுவுகிற அறையில் தாள் கட்டுகளை அடுக்கினார்கள். வேலை சுலபமாயிற்று, இரண்டு பேருமே சந்தோஷப்பட்டார்கள். ஆனால் மலைப் படங்களில் பள்ளத்தாக்கு மட்டும் கறுத்துவிட்டது. "கீழயும் கொஞ்சம் பாருங்க" என்று அக்கா சொல்வாள். "கொஞ்சம் இரு" என்பார் அத்தான். அப்படியே ஏழெட்டு வருடம் போயிற்று.

அந்தச் சமயத்தில் ஒரு கம்பெனிக்காரர்கள் அவருடைய படத்தைத் தங்கள் காலண்டரில் போட்டார்கள். வெளியீடு என்று ஒரு ஹாலில் நாற்காலி போட்டு, டீ கொடுத்தார்கள். நானும் போயிருந்தேன். அத்தான் இஸ்திரி போட்ட சட்டையில் நின்றார், பக்கத்தில் அக்கா. மேனேஜர் படத்தைச் சுட்டிக்காட்டி, "பிரமாதம் சார். ஆமா, கீழ பாதி கறுப்பா இருக்கே, அங்க என்ன இருக்கு?" என்று கேட்டார்.

அத்தான் சிரித்தபடி, "கீழ ஒண்ணும் இல்ல சார். பார்க்க வேண்டியதெல்லாம் மேலதான்" என்றார்.

அக்காவும் சிரித்தபடிதான் நின்றாள். கையில் டீ கப் இருந்தது. டீயைக் குடித்து முடித்து, கப்பைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள்.

மூன்றாம் நாள் ஒரு பையோடு என் வீட்டுக்கு வந்தாள். முழங்கால் வலிக்கிறது, பதினெட்டுப் படி ஏற முடியவில்லை, இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்றாள். பையில் நாலு புடவையும், படம் வெட்டுகிற கட்டரும் இருந்தன. முழங்கால் வலிக்கு எதற்குக் கட்டர் என்று நான் கேட்கவில்லை. இரண்டு நாள் மூன்று வருடமாயிற்று.

சண்டை கிடையாது, பஞ்சாயத்து கிடையாது. அத்தானுக்கு என்ன குற்றம் என்றே முதலில் தெரியவில்லை. முழங்கால்தான் காரணம் என்று நம்பி, மூன்று விதமான தைலம் வாங்கி வந்தார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவார். வரும்போது வெட்டாத பாஸ்போர்ட் படத் தாள்களைக் கட்டாகக் கொண்டு வருவார். ஊரில் வெட்டுவதற்கு ஆளா இல்லை, அவருக்கே கை இருக்கிறது. இருந்தாலும் கொண்டு வருவார். எங்கள் அடுப்படி மேஜையில் ஊர்க்காரர்களின் முகமெல்லாம் பரந்து கிடக்கும். அக்கா ஒவ்வொன்றாக வெட்டுவாள். அவர் எதிரே உட்கார்ந்து பார்ப்பார்.

"நெத்தி வெட்டுப்படாம பாரு."

"பார்த்துத்தான் வெட்டுறேன்."

"இவர் போன மாசமே ஊருக்குப் போயிட்டார். அவசரமில்ல."

"போனவர் படத்த எதுக்குக் கொண்டாந்தீங்க?"

டீயைக் குடித்துவிட்டு, வெட்டிய படங்களை எடுத்துக்கொண்டு போவார். வாசல்வரை போய் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார். அக்கா மேஜையில் விழுந்த துணுக்குகளைத் துடைத்துக்கொண்டிருப்பாள். அந்தத் துடைப்பு அரை மணி நேரம் நடக்கும். மேஜையில் ஒன்றுமே இருக்காது.

அவள் வந்த இரண்டாம் வருடக் கடைசியில் அத்தான் ஒரு நாள் பம்ப் ஹவுஸுக்கே வந்துவிட்டார். மோட்டார் சத்தத்தில் பேச முடியாது என்று என்னை வெளியே இழுத்துப் போய், ஒரு பழைய மலைப் படத்தை நீட்டினார். பழைய படங்களில் தெரிகிற வீடு இப்போது ஏன் தெரிவதில்லை என்று லென்ஸைக் கழற்றித் துடைத்து, கம்பெனிக்குக் கடிதம் எழுதி, கடைசியில் பழைய தாள் பெட்டியைக் குடைந்திருக்கிறார். அதில் கிடைத்த வீணான பிரதி அது. உச்சி நன்றாக இருந்தது. கீழே பள்ளத்தாக்கின் மேல் ஐந்து விரலும் விரித்த ஒரு வெள்ளைக் கை. ஏதோ நினைப்பில் அக்கா அன்றைக்குக் கையை அசைக்க மறந்திருக்கிறாள்.

"இருவது வருஷமா மச்சான். பக்கத்துலதான் நின்னிருக்கேன்" என்றார். மூக்கைச் சிந்தினார். "கீழ ஒண்ணும் இல்லன்னு அவள வச்சுக்கிட்டே சொல்லிட்டேன்."

"அத போய் அவகிட்ட சொல்லுங்க. வாங்க, இப்பவே போவோம்."

"வாயால சொன்னா, ஏதோ தைலம் மாதிரி வாங்கிக்கிட்டு வந்தேன்னு நினைப்பா. படத்துலதான் தப்பு பண்ணேன். படத்துலயே சரி பண்ணித்தான் அவ கையில குடுக்கணும்."

இந்த மனிதரை என்ன செய்வது? நேராகப் போய் மன்னிப்புக் கேட்டால் அரை நிமிஷத்தில் முடிகிற காரியத்துக்கு ஒரு குளிர்காலம் முழுக்க மேட்டில் நின்றார். உச்சியும் தெரிய வேண்டும், அக்கா இருக்கிற வீடும் தெரிய வேண்டும், ஒரே படத்தில். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். அந்தப் படத்தைக் கொடுத்து அவளைக் கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்று நம்பினார்.

பாதி கறுத்த கண்ணாடி ஒன்றை லென்ஸ் முன்னால் மாட்டிப் பார்த்தார். மேலே இருட்டாக்கும், கீழே விட்டுவிடும். ஆனால் மலை என்ன அளவுகோல் வைத்தா கோடு போட்டிருக்கிறது? உச்சி மட்டும் அழுக்குத் தொப்பி போட்டாற்போல் வந்தது. கறுப்பைக் கம்ப்யூட்டரில் வெளுக்க வைத்தார், கலர் மணல் தூவினாற்போல் வந்தது. உச்சிக்கு ஒன்று, பள்ளத்தாக்குக்கு ஒன்று என்று இரண்டு படம் எடுத்து ஒட்டிவிடுங்கள், எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்களாம் என்றேன்.

"ரெண்டு நேரத்துல நடந்தத ஒரே நேரத்துல நடந்ததுன்னு சொன்னா, அது பொய் மச்சான்."

"கோட்டே இல்லாதவனுக்கெல்லாம் கம்ப்யூட்டர்ல கோட்டு மாட்டி விடுறீங்களே, அது மட்டும் என்னவாம்?"

"அது பாஸ்போர்ட்டு. இது அவளுக்கு" என்றார் முறைத்துக்கொண்டு.

கடைசியில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து ஒன்றைக் கண்டுபிடித்தார். சூரியன் உச்சியைத் தொடுவதற்கு முன்னால் ஒரு ஏழு நிமிஷம், உச்சியில் ரோஜா நிறம் ஏறும், ஆனால் கண்ணைக் கூசாது. அதே நேரம் பள்ளத்தாக்கில் கூரையின் விளிம்பு தெரிய ஆரம்பிக்கும். மேலும் கீழும் ஓரளவு சமாதானமாக இருக்கிற நேரம் அதுதான். அந்த நேரத்தில் எங்கள் அடுப்படி விளக்கும் எரிந்தால், வீடு வீடாகத் தெரியும். விளக்கு இல்லாவிட்டால் அது ஒரு பாறை.

அதில்தான் சிக்கல். அக்கா ஐந்து மணிக்கு எழுந்து விளக்கைப் போடுவாள். சரியாக அந்த ஏழு நிமிஷம் தொடங்கும்போது அணைத்துவிடுவாள். தினமும் அப்படித்தான்.

"அந்த லைட்ட பத்து நிமிஷம் கூட எரிய விடச் சொல்லு மச்சான். எதுக்குன்னு சொல்லாத. பத்தே நிமிஷம்" என்றார்.

சரி என்றேன். சொல்லவில்லை.

இதை எழுதும்போது எனக்கே என் மேல் கோபம் வருகிறது. என் மனைவி இறந்த பிறகு ஒன்பது வருடம், வேலை முடிந்து இருட்டு வீட்டுக்குள் வந்து சுவரைத் தடவி ஸ்விட்சைத் தேடினவன் நான். அக்கா வந்த பிறகு, பம்பை ஓடவிட்டுவிட்டு வாசலுக்கு வந்தால் டீ வாசனை வரும். "செருப்ப வெளிய விடு" என்று ஒரு குரல் வரும். அந்தப் படம் நன்றாக வந்துவிட்டால் அவள் போய்விடுவாள். அவ்வளவுதான் காரணம். அவள் சிக்கனத்துக்காக விளக்கை அணைக்கிறாள், நான் சொன்னாலும் கேட்க மாட்டாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து அத்தான் கேட்டார். "சொன்னியா?"

"சொன்னேன். கேட்டுக்கிட்டா. ஒண்ணும் சொல்லல."

மறுநாளும் மேட்டுக்கு வந்தார். விளக்கு அணைந்தது. அதற்கடுத்த நாளும் வந்தார். அப்படி ஒரு மாதம். ஒவ்வொரு நாளும் அவர் கேட்டு, அவள் மாட்டேன் என்று சொல்வதாக அவர் எண்ணிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை வந்தபோது முகத்தில் ஈயாடவில்லை. அன்றைக்குத் தாள் கட்டைக் கொண்டு வரவில்லை. டீயையும் பாதியில் வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு வரவில்லை.

இரண்டு ஞாயிறு போயிற்று. அக்கா கட்டரை எடுத்துத் துடைத்து, மறுபடியும் மேஜையில் வைத்தாள். ஒரு நாள் காலை நான் டீக்குக் கையை நீட்டினபோது, அவள் ஜன்னல் பக்கம் திரும்பியபடி கேட்டாள்.

"மேட்டுல டார்ச் வெளிச்சத்தையே காணோமே. பதினாறு நாளாச்சு. அவருக்கு உடம்புக்கு ஏதாவதா?"

"நீ டார்ச்ச பார்ப்பியா?"

"இங்க நின்னா தெரியுதுல்ல. வந்து நிப்பார். கொஞ்ச நேரம் அங்கயும் இங்கயும் அலையும். அப்புறம் அணைப்பார். அணைச்சதும் நானும் இத அணைச்சிடுவேன்."

டீ டம்ளர் கையில் சுட்டது. கீழே வைக்கத் தோன்றவில்லை.

"நீ எதுக்கு அணைக்கிற?"

"அவர் அணைச்சா படம் எடுக்கப் போறார்னு அர்த்தம். இங்க பல்பு எரிஞ்சா படத்துல புள்ளி விழாதா?" என்றாள், அது கூடத் தெரியாதா என்கிற குரலில். "முப்பது வருஷப் பழக்கம். இப்ப மட்டும் படத்தக் கெடுக்கவா?"

இருக்கிற பாவத்துக்கு இது வேறு. ஒன்றைக்கூட மறைக்காமல் சொல்லிவிட்டேன். கை விழுந்த படம், பள்ளத்தாக்குக்காக அவர் குளிரில் நின்றது, பத்து நிமிஷம் கேட்டது, நான் சொல்லாமல் விட்டது, சொன்னதாகச் சொன்னது எல்லாம். சொல்லி முடித்தபோது டீ ஆறிப்போயிருந்தது.

அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மேட்டைப் பார்த்தாள். பிறகு, "அந்தக் கை விழுந்த படத்த வச்சிருக்காராமா?" என்று மட்டும் கேட்டாள்.

"சட்டைப் பையில வச்சிருக்கார்."

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். "நாளைக்கு விடியக்காலைல அவர மேட்டுக்கு வரச் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லாத. ஏதாவது சொல்லி வரவழை. பொய் சொல்றதுதான் உனக்குக் கை வந்த கலையாச்சே."

நாளைக்கு வானம் துடைத்துவிட்டாற்போல் இருக்கும் என்று ரேடியோவில் சொன்னதாக அத்தானுக்குப் போன் செய்தேன். "எதுக்கு மச்சான், விடு" என்றார். கடைசியாக ஒரே ஒரு தடவை வாருங்கள் என்று கெஞ்சினேன். சரி என்று சொல்லாமலே போனை வைத்துவிட்டார்.

மறுநாள் நான் எழுந்தபோது அடுப்படி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எனக்கு டீ போட்டு மூடி வைத்திருந்தது. அக்கா இல்லை. கூடத்தில் இல்லை, பின்பக்கம் இல்லை. மேஜையைப் பார்த்தேன், கட்டரும் இல்லை. வாசலுக்கு வந்து பார்த்தால், ஒற்றையடிப் பாதையில் பாதி உயரத்துக்கு மேலே ஒரு சின்ன வெளிச்சம் நின்று நின்று ஏறிக்கொண்டிருந்தது.

எனக்கே மூச்சு வாங்கும் ஏற்றம் அது. பாதை மேட்டைச் சுற்றிப் பின்பக்கமாக உச்சிக்கு ஏறுகிற கடைசித் திருப்பத்தில் அவளைப் பிடித்தேன். பையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கல்லில் உட்கார்ந்து முழங்காலை அமுக்கிக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் விரலை உதட்டில் வைத்தாள்.

இருபதடி தள்ளி அத்தான் நின்றுகொண்டிருந்தார். எங்களுக்கு முதுகு. அப்போதுதான் டார்ச்சை அணைத்தார். கீழே பள்ளத்தாக்கில் எங்கள் விளக்கு, மஞ்சளாக ஒரே ஒரு புள்ளி. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அணையப் போகிறது என்று காத்திருந்தார். அணையவில்லை. "இன்னும் எரியுது" என்று தனக்குத்தானே சொல்வது எங்களுக்குக் கேட்டது. சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் பார்த்தார். உச்சியில் ரோஜா நிறம் லேசாக ஏற ஆரம்பித்திருந்தது.

அக்கா எழுந்து அவருக்குப் பின்னால் போய் நின்றாள்.

"என்ன, எடுக்கலியா?"

"கொஞ்சம் இருங்க" என்றார் அவர், திரும்பாமலே. யாரோ வழிப்போக்கர் என்று நினைத்திருக்கிறார். பிறகுதான் அந்தக் குரல் யாருடையது என்று உறைத்திருக்க வேண்டும். திரும்பினார். அக்காவைப் பார்த்தார். கீழே விளக்கைப் பார்த்தார். மறுபடியும் அக்காவைப் பார்த்தார்.

"அங்க லைட்டு எரியுது" என்றார் குழந்தை போல.

"எரிய விட்டுட்டுத்தான் வந்தேன்."

"அப்ப அங்க..."

"இப்பதான் கீழ ஒண்ணும் இல்ல" என்றாள் அக்கா. "எடுங்க."

அவர் எடுக்கவில்லை. பையைப் பிடித்திருந்த அவள் கையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். நான் என் செருப்பைப் பார்த்தேன். நேரம் போகிறது, ஏழு நிமிஷத்தில் இரண்டு போய்விட்டது என்று எனக்கே பதறியது. அக்காதான் அதட்டினாள், வெளிச்சம் போகிறது பாருங்கள் என்று.

"கீழ வீடு நல்லா தெரியணும்னு வச்சா மேல வெளுத்துடும்" என்றார்.

"எத்தனை நொடி?"

"பத்து."

"எட்டு வரைக்கும் மேல நான் பார்த்துக்கறேன்" என்றாள் அக்கா.

லென்ஸுக்கு முன்னால் போய்ப் பக்கவாட்டில் நின்று உள்ளங்கையை விரித்தாள். இந்த முறை கையைக் கீழ்ப்பாதிக்குப் பிடிக்கவில்லை, வானத்துக்கும் உச்சிக்கும் பிடித்தாள். பள்ளத்தாக்கைத் திறந்து விட்டாள். அத்தான் பட்டனை அழுத்தினார். அவர் வாய்விட்டு எண்ண, அவள் கை மெல்ல அசைந்துகொண்டே இருந்தது. எட்டு என்றதும் கையை எடுத்தாள். கோடு விழவில்லை.

உச்சி தங்கமாகி, வெளுத்து, சாதாரண மலையாகிவிட்டது. அத்தான் கேமராவைக் கழற்றிப் பையில் வைத்தார். அக்காவின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார்.

"நீ போய் அடுப்படி லைட்ட அணைடா" என்றாள் அக்கா என்னிடம். "டீய சூடு பண்ணிக் குடி. அப்படியே குடிக்காத."

"நீ?"

"ஸ்கூட்டர் பாதி வழிலதான் நிக்குதாம். இறங்குறது எனக்குக் கஷ்டமில்ல" என்றாள். என் கன்னத்தை ஒரு தடவை தொட்டாள். நான் சொன்ன பொய்க்கு அவள் கொடுத்த தண்டனை அது ஒன்றுதான். பிறகு ஊர்ப் பக்கத்துச் சரிவில், அவர் கையைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் ஒவ்வொரு அடியாக வைத்து இறங்கினாள். அவர் எத்தனை தடவை "கொஞ்சம் இரு" என்றார் என்று எண்ணினேன். எண்ணிக்கை தவறிவிட்டது.

நான் வீட்டுக்கு வந்தபோது நன்றாக விடிந்திருந்தது. அடுப்படியில் விளக்கு வெயிலோடு வெயிலாக எரிந்துகொண்டிருந்தது. மேஜை காலியாக இருந்தது. ஸ்விட்சில் கை வைத்தேன், அழுத்த மனம் வரவில்லை. அன்றைக்கு மத்தியானம் வரை எரிந்தது.

அந்தப் படத்தில் எனக்கும் ஒரு பிரதி கொடுத்தார்கள். கூடத்தில் மாட்டியிருக்கிறேன். உச்சி சிவப்பு, கீழே கூரை, பம்ப் ஹவுஸ், ஒற்றையடிப் பாதை, ஜன்னலில் மஞ்சள் புள்ளி. பார்க்கிறவர்கள் கேமராவைப் புகழ்கிறார்கள். நான் திருத்துவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான்தான் பதினெட்டுப் படி ஏறிப் போகிறேன். அக்கா டீ கொடுக்கிறாள், திட்டுகிறாள், சாயங்காலம் திரும்பி வருகிறேன். அவள் சந்தோஷமாக இருக்கிறாள். எனக்கு அவள் இல்லாமல் கஷ்டமாக இருக்கிறது. இரண்டும் உண்மை.

காலை ஐந்து மணிக்கு எழுந்ததும் அடுப்படி விளக்கைப் போடுகிறேன். சில நாள் மேட்டில் டார்ச் தெரியும். கொஞ்ச நேரம் அங்கும் இங்கும் அலையும், பிறகு அணையும். அக்காவும் கூட வந்திருக்கலாம், முழங்கால் விட்டிருந்தால். நான் விளக்கை அணைப்பதில்லை. பம்ப் போட நேரமாகிவிடுகிறது, இருந்தாலும் கொஞ்சம் இருக்கட்டும் என்று ஜன்னல் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கிறேன்.